ஆமெனுக்கு முந்தின ஒப்புட்டு

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பீளமேட்டு வீட்டு ஹாலில் யார் யார் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம்.

பெரிய சோபாவில், காங்கேயத்திலிருந்து பெண் பார்க்க வந்த எண்ணெய் மில் தங்கராஜ், அவர் மனைவி, ஓரத்தில் மாப்பிள்ளைப் பையன் ஆல்வின். எதிரே மர நாற்காலியில் பாஸ்டர் தேவபிரசாத். ஜன்னலோரம் வீட்டுக்காரர் ஏனோக்கு, பக்கத்தில் மனைவி சலோமி. பெண் ஷரோன் சமையலறை வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், மாப்பிள்ளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே. நட்டநடுவில் டீப்பாய். டீப்பாய் மேல் தட்டு. தட்டு நிறைய நெய் மினுக்கும் ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி.

ஒப்புட்டுக்கும் வாய்க்கும் குறுக்கே நின்றது ஜெபம் ஒன்றுதான்.

பாஸ்டர் ஜெபிக்க ஆரம்பித்தால் வானமும் பூமியும் படைக்கப்பட்ட நாளிலிருந்து கிளம்புவார். வெள்ளம், செங்கடல், வனாந்தரம் எல்லாம் கடந்து அவர் பீளமேடு வந்து சேர்வதற்குள் காபியில் ஆடை கட்டிவிடும்.

அவர் செங்கடல் கரையில் நின்றபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. கர்ர்ர்.

ஏனோக்கு மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்பவர். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங்கின் ஆயுளைச் சொல்லிவிடுவார். 'பிரிட்ஜ் கம்ப்ரசர் போச்சு!' என்று மனசு பதறியதும் கண் தானாகத் திறந்துகொண்டது.

கண்ணில் பட்டது பிரிட்ஜ் அல்ல, மாப்பிள்ளையின் கை. அது பூனை நடப்பதுபோல டீப்பாய்க்கு வந்தது. மேலாக இருந்த ஒப்புட்டு ஒன்றைத் தூக்கியது.

"எல்லாவற்றையும் காண்கிற தேவனே!" என்றார் பாஸ்டர், அதே நேரம் பார்த்து.

ஏனோக்கு கண்ணை இறுக்கி மூடியவர்தான், ஆமென் வரை திறக்கவே இல்லை.

"எங்களுக்குப் புள்ளைய ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. நீங்களும் ஜெபம் பண்ணிப்போட்டுப் பதிலைச் சொல்லுங்க" என்று தங்கராஜ் கும்பிட்டார். மில்லில் ஆட்டிய தேங்காயெண்ணெய் டின் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கார் தெருமுனை திரும்புமுன் சலோமி திரும்பினாள்.

"ஏனுங்க, மேலாப்புல அடுக்குன ஒப்புட்டு ஒண்ணு ஜெபம் முடியறப்பவே காணோமுங்களே?"

"எனக்கென்ன தெரியும் அம்மணி?"

"நானும் புள்ளையும் காலைல இருந்து உபவாசம், பச்சத்தண்ணி பல்லுல படலை. பாஸ்டரு தேவ மனுசரு. வந்தவங்க விருந்தாளிக. மிச்சம் யாருங்க?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. புத்தாண்டு ஆராதனையில் சபைக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்வரை இனிப்பைத் தொடமாட்டேன் என்று ஏனோக்கு பொருத்தனை பண்ணியிருந்தார். சர்க்கரை வியாதி டாக்டர் எப்போதோ விதித்த பத்தியத்தைத்தான் அவர் ஆண்டவருக்குக் காணிக்கையாக்கினார் என்பது சலோமிக்கு மட்டும் தெரியும்.

"பொருத்தனைய மீறுன ஊட்டுல சம்பந்தம் பேசுனா வெளங்குமுங்களா? வேண்டாம்னு சொல்லிப்போடலாம்" என்றாள் சலோமி.

ஏனோக்கு சமையலறைப் பக்கம் பார்த்தார். ஷரோன் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். வந்த வரன்களெல்லாம் ஏதோ சொல்லித் தட்டிப்போன பிறகு அந்த முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை திருடன் ஆகிவிடுவான், வெளிச்சம் அணைந்துவிடும். அதைவிடக் கொடுமை, 'உங்க கண்ணு எதுக்குத் தொறந்திருந்துச்சு?' என்று சலோமி கேட்பாள். ஏனோக்கு சபையின் ஓய்வுநாள் பள்ளியில் வாத்தியார். ஜெப நேரத்தில் கண் திறக்கிற குழந்தைகளை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிறவர்.

"எலியா இருக்கும்" என்றார்.

"ஏழு பேரு சுத்தி உக்காந்திருக்கையிலயா?"

"எல்லாரும் கண்ணை மூடியிருந்தோமே! எலிக்கு அது போதாதா?"

எலி என்ற பேச்சை எடுத்திருக்கக் கூடாது. சலோமி வேறு எதை வேண்டுமானாலும் மன்னிப்பாள், எலியை மன்னிக்கமாட்டாள். அன்றைக்கே அவரைக் கடைக்கு விரட்டி எலி ஒட்டுகிற பசை அட்டை வாங்கிவரச் செய்து டீப்பாய்க்கு அடியில் வைத்தாள்.

ஞாயிறு மத்தியானம், அந்தக் 'கர்ர்ர்' மனசை அரித்ததால், ஏனோக்கு பிரிட்ஜ் மெக்கானிக் முகமது ரியாஸை வரவழைத்தார்.

ரியாஸ் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கம்ப்ரசர் பச்சப்புள்ளையாட்டத் தூங்குதுங்க சார்."

"கர்ருன்னுச்சே தம்பி! என்ற காது பொய் சொல்லாது."

"அப்ப வேற எதாச்சுமா இருக்குமுங்க. அக்கா, எலின்னீங்களே, ஒயரு ஒண்ணைக் கூடக் கடிக்கல, புழுக்கை இல்ல. இந்தூட்டுல எலியே இல்லீங்க."

சலோமி நேராகச் சமையலறைக்குப் போனாள். காபியில் சர்க்கரையே போடாமல் புருஷன் முன்னால் 'டொக்' என்று வைத்தாள். எப்போதும் சர்க்கரை போடுவதில்லைதான். ஆனால் அந்த 'டொக்' புதிது.

சாயங்காலம் பாஸ்டர் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "சமாதானம் உண்டாவதாக" என்று உள்ளே வந்தவர், டீப்பாயை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். நீட்டிய கால் திரும்பி வரவில்லை.

"ஐயோ, பாஸ்டருங்க! அசையாதீங்க!" என்று சலோமி அலறினாள்.

அசையாமல் இருக்க பாஸ்டரால் முடியவில்லை. உதறினார். அட்டை கூடவே வந்து, அடுத்த காலையும் பிடித்துக்கொண்டது. இழுத்த ஏனோக்கின் கட்டைவிரலும் அதில் சேர்ந்துகொண்டது. ஷரோன் ஓடிப்போய்க் காங்கேயத்து எண்ணெய் டின்னைத் தூக்கிவந்து ஊற்றினாள். சம்பந்தி வீட்டு எண்ணெயில் பாஸ்டரின் பாதம் குளித்தது.

"இதென்னம்மா கண்ணி?" என்றார் பாஸ்டர் மூச்சு வாங்கியபடி.

சலோமி விவரம் சொன்னாள். எண்ணெய் சொட்டும் காலோடு பாஸ்டர் யோசித்தார்.

"எலிங்கறது ஒண்ணை மட்டும் அலுங்காம எடுத்துட்டு, மீதி அடுக்கு கலையாம வெச்சுட்டா போகும்? மனுசக் கை செஞ்ச காரியமாட்டத் தெரியுது."

மூன்று பேர் பார்வையும் ஏனோக்கின் மேல் விழுந்தது. அதில் ஷரோனின் பார்வைதான் அவரைச் சுட்டது. என்னவோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்து மூடிக்கொண்டாள். பிள்ளை அவமானத்தில் தவிக்கிறது என்று அவர் நினைத்தார்.

"நாந்தானுங்க. நாந்தான் தின்னுபோட்டேன்."

தின்னாத ஒப்புட்டுக்காக ஏனோக்கு தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பவே தெரியும்" என்று சலோமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். "பொருத்தனை மீறினதை மறைச்சுச் சம்பந்தம் பண்ணக் கூடாது. தங்கராஜுக்கு உள்ளதை உள்ளபடி கடுதாசி எழுதுங்க. படிச்சும் அவங்க சம்மதிச்சா, அது கர்த்தருடைய சித்தம்."

"போன்ல சொல்லிப்போடறனுங்களே?"

"போன்ல மனுசன் மழுப்புவான். எழுதுங்க. நாளைக்குக் காங்கேயத்துல ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டை இருக்குது, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

ஏனோக்கு எழுதினார். 'அன்பான சகோதரர் தங்கராஜ் அவர்களுக்கு. பாஸ்டர் ஜெபித்த வேளையில் மாம்ச இச்சைக்கு இடங்கொடுத்து, விருந்தாளிகளுக்கு வைத்த தட்டிலிருந்து ஒப்புட்டு ஒன்றை எடுத்து உண்டேன்...' ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை அடித்துத் திருத்தினார். இதை அங்கே உரக்கப் படிப்பார்கள். எடுத்தவனே உட்கார்ந்து கேட்பான். திருடனிடம் திருட்டுக்காக மன்னிப்புக் கேட்ட முதல் மாமனார் அவராகத்தான் இருப்பார். 'தங்கள் மகனுக்கு என் மகளைக் கொடுக்க எங்களுக்குப் பூரண சம்மதம்' என்ற வரியை மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்.

கவரை ஒட்டினார். எண்ணெய்க் கையில் பசை பிடிக்காததால், எலி அட்டையில் மிச்சமிருந்ததைச் சுரண்டித் தடவினார். அதற்குப் பிறகு அந்தக் கவரைப் பிரிக்க மில் இயந்திரமே வேண்டியிருக்கும். பாஸ்டர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பித் தெருமுனை திரும்பினார்.

கேட்டைச் சாத்த வந்த மகளிடம் ஏனோக்கு தாழ்ந்த குரலில் கேட்டார். "கண்ணு, நெசமாலுமே உனக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குதா? குணமெல்லாம் எப்படியோ..."

ஷரோன் உள்ளே எட்டிப் பார்த்து, அம்மா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அவர் காதருகே வந்தாள்.

"அன்னைக்குக் கர்ருன்னது பிரிட்ஜ் இல்லீங்கப்பா, என்ற வயிறு, அதைக் கேட்டுத்தான் அவரு ஒப்புட்ட எடுத்து நீட்டினாரு, ஆமெனுக்குள்ள தின்னு முடிச்சது நானுங்க."