பதினொரு யூனிட்

மாலை ஐந்து இருபது. ஐந்துக்கே காலியாகிவிடும் மாநகராட்சி அலுவலகத்தில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பதினெட்டு மின்விசிறிகளும் சுற்றின. எல்லா விளக்கும் எரிந்தது.

வரிசை தலைமை எழுத்தரின் மேஜையில் போய் முடிந்தது. மேஜைமேல் ஒரு நோட்டு: அணைத்தவர், அணைத்த நேரம், கையெழுத்து.

"அணைச்சிட்டு வந்து கையெழுத்துப் போடணுமா சார், போட்டுட்டுப் போய் அணைக்கணுமா?" என்று கேட்டார் தட்டச்சு அம்மா.

"அணைச்சிட்டு."

"இருட்டுல எப்படி எழுதறது?"

தலைமை எழுத்தர் யோசித்தார். "சரி, போட்டுட்டு அணைங்க."

"அணைச்ச நேரம்னு இருக்கே. இன்னும் அணைக்கலயே. பொய்க் கையெழுத்து ஆயிடாதா?"

"அம்மா தாயே, பஸ் போயிடும்!" என்றது வரிசையின் வால்.

அன்று அலுவலகம் இருட்டியபோது மணி ஆறே முக்கால்.

மறுநாள் ஆணையர் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டார்.

"மின்சாரத்த மிச்சம் பிடிங்கன்னேன். நீங்க ஓவர்டைம் பாக்க வெச்சிருக்கீங்க."

"பழகிட்டா சரியாயிடும் சார்."

"மாசக் கடைசியில மீட்டர் போன மாசத்தவிடக் குறையணும். குறைஞ்சா நூலகம் உங்களுக்கு. இல்லன்னா மறந்துடுங்க."

நூலகம் அதே வளாகத்தின் பின்புறம் இருந்தது. அங்கே மாற்றல் கேட்டு ஒன்பது வருடமாக மனுப் போடுகிறார் தலைமை எழுத்தர். நூலகத்தில் யாரும் கத்தக் கூடாது. கத்தினால் வெளியே அனுப்பலாம். குடிநீர்ப் புகார் வாங்கியே இருபத்தாறு வருடம் ஓட்டியவருக்கு அது போதும்.

நோட்டைத் தூக்கிவிட்டுப் போட்டி வைத்தார். அதிக முறை சுவிட்சை அணைக்கும் பிரிவுக்குக் கேடயம்.

முதல் நாள் வரிப் பிரிவு ஒன்பது முறை அணைத்தது. மூன்றாம் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு.

நேரில் போய்ப் பார்த்தார். வரிக் கணக்கர் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போட்டார். அணைத்தார். சுவரில் ஒரு கோடு கிழித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"அணைக்கறேன் சார்."

"அதுக்கு எதுக்குப் போடறீங்க?"

"போடாம எப்படி சார் அணைக்கறது?"

மூன்று டியூப்லைட் போயிருந்தது. மின்பணியாளர் ஏணியோடு வந்தார். "ஆபீஸ் சர்க்கஸ் கூடாரமாட்டம் மினுக்குதுண்ணே. ரோட்டுல ஜனங்க நின்னு பாக்கறாங்க. டிக்கெட் போடலாம்."

போட்டி ரத்து. பிரிவுக்கு ஒரு குட்டி மீட்டர் மாட்டினார். எது அதிகம் ஓடுகிறதோ, அந்தப் பிரிவின் பெயர் கரும்பலகையில் ஏறும்.

அடுத்த நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேஜைமேல் நான்கு கெட்டில்கள் கொதித்தன. ஒரே பிளக்கிலிருந்து பதினொரு செல்போன்கள் கிளை பரப்பியிருந்தன.

"உங்க ரூம் எந்தப் பிரிவுலயும் சேராதாமே சார்?" என்றார் தட்டச்சு அம்மா, மரியாதையாக. "உங்களுக்கும் ஒரு டீ போடட்டுமா?"

குடித்தார். வேறென்ன செய்வது.

அன்று மாலை வீட்டில் மனைவி கேட்டாள்: "ஏங்க, ஃபேன ஏன் நிறுத்தினீங்க? நான் ஒருத்தி இங்கதான இருக்கேன்?"

"கை தானாப் போகுது."

"நூலகம் கெடைக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"ரிட்டயர் ஆகற வரைக்கும் கெட்டிலத் துரத்துவேன்."

காலையில் அவரது கடைசி ஆணை வந்தது. அலுவலகத்தின் எந்தப் பிளக்கிலும் சொந்தப் பொருள் எதையும் சொருகக் கூடாது. மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

சண்டை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பதினொரு மணிக்கு எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அமைதியாக வெளியே போனார்கள். இருபது நிமிடத்தில் முகம் தெளிந்து திரும்பினார்கள். மூன்று மணிக்கு மறுபடியும்.

"எங்கம்மா போறீங்க எல்லாரும்?"

"சும்மா காத்தாட நடக்கறோம் சார். உடம்புக்கு நல்லதாம்."

தலைமை எழுத்தர் கரும்பலகையில் இருந்த பெயரை அழித்தார். மனிதர்கள் மாறுகிறார்கள். சொல்கிற விதத்தில் சொன்னால் மாறுகிறார்கள்.

மாதக் கடைசியில் மீட்டர் பார்த்தார்கள். பதினொரு யூனிட் குறைவு.

நாற்பது பேரும் கைதட்டினார்கள். வரிக் கணக்கர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். தட்டச்சு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆணையர் அங்கேயே மாற்றல் உத்தரவில் கையெழுத்திட்டார்.

"உங்கள மாதிரி ஒருத்தர் நூலகத்துக்குத்தான் இப்ப அவசரமாத் தேவை" என்றார்.

ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை சலவைச் சட்டையில் நூலகத்துக்குப் போனார். நீள மேஜைகள், சன்னல் வெளிச்சம், பக்கம் புரளும் சத்தம். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டார். தன் நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநாளாக எடுத்துவைத்திருந்த தடிப் புத்தகத்தைப் பிரித்தார். அரை மணி நேரம் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

நூலக உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்து, மெல்லிய குரலில் சொன்னாள்:

"பதினொண்ணாகப் போகுது சார், இப்ப உங்க ஆபீஸ் ஆளுங்க நாப்பது பேரும் கெட்டிலோட வந்து இங்க ஒரு பிளக்கு விடாம சொருகுவாங்க, பத்து நாள்ல நம்ம மீட்டர் ரெண்டு மடங்காயிடுச்சு, இத நிறுத்தத்தான் உங்கள அனுப்பறேன்னு கமிஷனர் சொன்னாரு; எங்கேர்ந்து சார் ஆரம்பிக்கலாம்?"