மைக் கம்புக்கு வைத்த குங்குமம்

சத்தத்தைப் பிடிக்கும் கலை கற்கும் என் அக்காள் மகள் நர்மதாவுக்கு, கும்மிடிப்பூண்டித் தாய்மாமன் தணிகைவேல் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு யாவரும் சௌக்கியம். நீ கொடுத்தனுப்பிய கருவிகளும் சௌக்கியம். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய் என்பதால், திரும்பி வரும் பெட்டியில் இக்கடிதத்தை வைக்கிறேன்.

பரீட்சை, வர முடியாது, அப்பா கம்பெனியில் விடைபெறும்போது பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் பிடித்து அனுப்பு மாமா என்று அழுதாய் அல்லவா? உன் அப்பா முப்பத்திரண்டு வருஷம் இரும்புக் கம்பெனியில் கத்தியதெல்லாம் கிரேன்காரனிடம்தான். நாலு பேர் முன் பேசுவது இதுவே முதலும் கடைசியும். ஆகவே பாரத்தைத் தன்னந்தனியாக ஏற்றேன். கம்பெனியில் ஃபிட்டர் வேலை பார்க்கும் எபினேசர் பக்கத்தில் சும்மா நின்றான். மைக்கின் சத்தத்தை ரிக்கார்டருக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை, மைக் மாட்டிய நீளக் கம்பின் அடிப்பக்கம் கட்டச் சொன்னாய். நானோ மைக்குக்குத் துணையாக இருக்கட்டுமென்று நுனியிலேயே கட்டினேன். புது மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் இங்கே யாரும் சுவிட்ச் போடுவதில்லை. ஆகவே மைக், டிரான்ஸ்மிட்டர், என் கையிலிருந்த ரிக்கார்டர் மூன்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். ரிக்கார்டரின் நெற்றியில் குண்டுமணி அளவு விளக்கொன்று இருந்தது. பொட்டுக்கென்றே செய்தது போல் அமைந்தது. பட்டனை அழுத்தி அல்லோ சொல்லிப் பார்த்தேன். பிறகு கம்பை நீட்டினேன், அது ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்தது. நுனி கனத்து வளைந்து, மைக்கின் பஞ்சுத் தொப்பி விருந்துப் பந்தியில் இருந்த மேனேஜர் இலையில் ரசத்தைத் தொட்டது. அவர் நல்ல மனிதர், வேறு இலை கேட்டார். உடனே டிரான்ஸ்மிட்டரை இறக்கி, சைக்கிள் டியூபைக் கிழித்து அடியில் இறுக்கி, ஒயர் ஆடாமல் கம்பைச் சுற்றி விட்டேன். உன் அப்பா எழுந்தார், நான் பட்டனை அழுத்தினேன். முக்கால் மணி நேரம் முழங்கினார் அம்மா! உலை வெட்கப்பட்டு அணைந்தது, மேனேஜர் விட்ட கண்ணீரில் ரெண்டாம் ஷிப்டு முட்டியளவு தண்ணீரில் வேலைக்குப் போனது. அத்தனையும் பெட்டிக்குள் இருக்கிறது.

பெரியபாளையத்தம்மன் துணையால் நூறு படத்துக்கு ஒலி பிடித்து நீ நீடு வாழ்க.

உன் ஒரே தாய்மாமன்,
தணிகைவேல்

பி.கு.: பெட்டியை ஒட்டுமுன் எபினேசர் போட்டுக் கேட்கச் சொன்னான். பதிவு ஓடுவதைக் காட்டும் விளக்கின் மேல்தான் பொட்டு வைத்திருக்கிறேன். அல்லோ சொன்னபோதே ஓடத் தொடங்கியது. அப்பா எழுந்தபோது அழுத்தி நிறுத்தியிருக்கிறேன். பேச்சு இல்லை. உண்மையில் அவரும், எல்லாரும் சாப்பிட்டுப் போங்க என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். இருப்பது அதற்கு முந்தைய நாற்பது நிமிஷம். அதில் எபினேசர் டியூபைக் கிழித்துக் கட்டுவதும், நான் நாற்காலியில் உட்கார்ந்து வடை கேட்பதும் தெளிவாக இருக்கின்றன. முப்பத்தேழாம் நிமிஷத்தில் உன் அப்பா என் காதருகே வருகிறார்.

"நர்மதா வராததே நல்லதுபா மச்சான். எதுர்ல குந்திகினு இருந்தா அழுதுடுவேன். அது படிச்சு முடிக்கணும்னுதான் இந்தச் சூட்டுல நின்னுகினு இருந்தேன். நர்மதாவாண்ட சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. கடிதத்தைக் கிழித்துவிடு, அந்தப் பதிவை மட்டும் கேள்.