பேரை மாற்றினால் ரிஸ்க் கம்மி

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியே ஒரு காரை இழந்தவன் நான். இழந்தேன் என்றால் யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. இன்றைக்கும் அது அடி அண்ணாமலையில் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. குரங்குகள் ஏறி உட்கார்ந்து விட்டுப்போனதைக் காலையில் துடைப்பதும் நான்தான். ஆனால் என்னுடையது இல்லை.

எட்டாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடமும், பள்ளிக்கூடத்துக்கு நானும் போதும் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு போர்வெல் லாரியில் கிளீனராக மத்தியப் பிரதேசம் வரை போனேன். பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டினேன். சூரத்தில் ஒரு முதலாளி மூன்று மாதச் சம்பளத்தோடு கடையைப் பூட்டிக்கொண்டு காணாமல் போனதால், சரக்கு லாரியின் மேலே தார்ப்பாயோடு தார்ப்பாயாகப் படுத்து ஊர் வந்து சேர்ந்தேன். இப்படி அலைந்தவனுக்கு ஒரு வியாதி வரும். உலகத்தில் எல்லாம் நமக்குத் தெரியும் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். (எனக்கு உண்மையில் தெரிந்தது, ஐந்து பாஷையில் ‘சாப்பாடு எங்கே கிடைக்கும்’ என்று கேட்பது மட்டும்தான்.)

கடைசியில் ஒரு பழைய காரை வாங்கி டாக்ஸியாக ஓட்டினேன். மலை சுற்ற வருகிறவர்கள், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள், சென்னை ஏர்போர்ட் சவாரி. பல வருடம் வண்டியில் ஒரு கீறல் இல்லை. அந்தக் கர்வத்தில்தான் செங்கம் ரோட்டில் ஒரு நண்பன் வீட்டுக் காதுகுத்தில் பிரியாணியோடு நிறுத்தாமல், கொல்லைப் பக்கம் பாட்டில் திறந்திருந்த இடத்துக்கும் போய்விட்டு, பட்டப்பகலில் வண்டியை எடுத்தேன். யார் மேலும் மோதவில்லை. அது என் திறமை இல்லை, எதிரே வந்தவர்களின் திறமை.

வளைவில் போலீஸ் நின்றது. கருவியை நீட்டி ஊதச் சொன்னார்கள். மரியாதையாக ஊதினேன். கொஞ்சம் அதிக மரியாதையாகவே ஊதிவிட்டேன் போலிருக்கிறது.

“இன்னாய்யா, மத்தியானத்துலயேவா?” என்றார் போலீஸ்காரர்.

“காதுகுத்து சார்.”

“யாருக்கு? உனக்கா?”

கோர்ட்டில் அபராதம் கட்டினேன். லைசென்ஸை ஆறு மாதத்துக்கு முடக்கினார்கள். மறுநாள் காலையிலேயே என் மனைவி கலா என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போய், இனி குடிப்பதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்யவைத்துக் கையில் கயிறு கட்டிவிட்டாள். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் எலுமிச்சை ஜூஸும் மோரும் விற்கிறவள் அவள். கூட்டத்துக்கு நடுவே கத்திக் கத்தி விற்றதில் வீட்டுக்கு வந்தால் அதிகம் பேச மாட்டாள். கயிறு கட்டியபோதும் பேசவில்லை. முடிச்சை மட்டும் ரத்தம் ஓடாத அளவுக்கு இறுக்கினாள். அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை.

நான் செய்த தப்புக்கு நாடு கொடுத்த தண்டனை இவ்வளவுதான். மிச்சத்தை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன்.

கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருடத்தில் எங்களுக்குப் பிழைப்பே அந்தச் சமயம்தான். எனக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால் என்ன, ஆக்டிங் டிரைவர் ஒருவனைப் போட்டு ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் காரின் இன்சூரன்ஸ் அதற்கு முன்பே முடிகிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி தெருவில் இறங்க முடியாது. இறங்காவிட்டால் விற்க வேண்டியதுதான். வாங்குவதற்கு ஆளும் தயார். போளூரில் இருக்கும் என் மச்சான் ஏழுமலை, கலாவின் தம்பி, வாரத்துக்கு ஒரு முறை வந்து, “சும்மாதான மாமா நிக்குது, எனக்குக் குடுத்துடுங்களேன்” என்று சொல்லி டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனான். ஒவ்வொரு உதையும் என் வயிற்றில் விழுந்தது.

இந்த நேரத்தில்தான் மார்த்தாம்மா வந்தார். தினமும் செருப்பில்லாமல் மலை சுற்றும் வெளிநாட்டு அம்மா. என் பழைய சவாரி. வெய்யிலுக்கு ஒரு டம்ளர் மோர் குடிக்க எங்கள் வீட்டில் நிற்பார். கார் ஏன் ஓடவில்லை என்று கேட்டவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“அய்யோ. என் தம்பி, சேம். குடி, கார், போலீஸ். அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாம் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். நீ ரிஸ்க் ஆள். ஒரே ஒரு கம்பெனி சரி சொல்லிச்சு. பைசா மூணு மடங்கு!”

மோரைக் குடித்துவிட்டு அவர் மலை சுற்றப் போய்விட்டார். எனக்குத்தான் தலை சுற்றியது. வெள்ளைக்கார அம்மா சொன்னால் சட்டம் அப்படித்தான் இருக்கும். (எந்த ஊர் சட்டம் என்று கேட்கத் தோன்றவில்லை. ஐந்து பாஷை தெரிந்தவன் அல்லவா.)

முதலில் பேப்பரில் பார்த்த ஒரு நம்பருக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

“வணக்கம் சார். வண்டி நம்பர் சொல்லுங்க.”

“நம்பர் இருக்கட்டும்மா. என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான்...”

“சரிங்க சார். அவரோட வண்டி நம்பர் சொல்லுங்க.”

“அவன் கொஞ்சம் ரிஸ்க்கான ஆளும்மா.”

“ரிஸ்க்னா எப்படிங்க சார்?”

“ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான்.”

“சார், வண்டி நம்பர் மட்டும் சொன்னீங்கன்னா...” என்று அவர் திரும்பவும் ஆரம்பித்ததும் போனை வைத்துவிட்டேன். நம்பரைச் சொன்னால் என் கேஸ் அவர் எதிரே திரையில் படமாக ஓடும் என்று பயம். இப்படியே இன்னும் நாலைந்து கம்பெனிக்குப் பேசி, நம்பர் கேட்ட இடத்திலெல்லாம் துண்டித்தேன். எல்லாக் கம்பெனியும் என்னைக் கைவிட்டுவிட்டதாகக் கலாவிடம் சொன்னேன்.

அடுத்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தணிகாசலம். பான் கார்டு, ரயில் டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே மேஜையில் முடித்துக் கொடுப்பவர். அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. நானாகவே கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, அவர் காதோரம் குனிந்து, “ஒரு விஷயங்க, மறைக்கக் கூடாது” என்று ஆரம்பித்து, பிரியாணி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். கணக்குப் போட்டிருக்கிறார்.

“ரிஸ்க் ஜாஸ்திங்க” என்றார். “உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு தனி கம்பெனி ஒண்ணு இருக்கு. வெளிய சொல்லிக்க மாட்டாங்க. நான் பேசிப் பாக்கறேன்.” போன வருடம் கட்டியதைப்போல இரண்டு பங்கு சொன்னார்.

“கொஞ்சம் கம்மி பண்ணக்கூடாதுங்களா?”

“ஊத்தும்போது கம்மி பண்ணி இருக்கணும்” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் யோசித்ததில், ரிஸ்க் நான்தானே, கார் என்ன பாவம் செய்தது என்று தோன்றியது. கார் குடிக்காத ஒருவர் பேரில் இருந்துவிட்டால்? வீட்டுக்கு ஓடினேன். கலா எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கலா, நீ குடிக்க மாட்ட இல்ல?”

கத்தி நின்றது. “இன்னா கேள்வி இது?”

“உன் மேல கேஸு கீஸு ஒண்ணும் கிடையாது இல்ல?”

“உங்களக் கட்டிக்கிட்டது ஒண்ணுதான்.”

“அப்ப காரை உன் பேருக்கு மாத்திடறேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான். கார் என்னுதுதான். இன்சூரன்ஸ்காரனை ஏமாத்தறதுக்கு.”

கலா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்றாள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லக்கூட அவள் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

வேங்கிக்காலில் இருக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்தோம். பேர் மாறி ஆர்.சி. கைக்கு வந்த அன்று, கலா அதற்குக் குங்குமம் வைத்து, பீரோவில் தன் கம்மல் டப்பாவுக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு பொறுப்பானவள் என்று.

தணிகாசலம் பக்கம் போகவில்லை. நேராகப் பெரிய ஆபீசுக்கே போனோம். கம்ப்யூட்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். நான் கையில் கட்டிய கயிறு தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன்.

“வண்டி எந்த வருஷத்துதுங்க?” என்று மேடம் கலாவைக் கேட்டார்.

“இவங்க குடிக்கவே மாட்டாங்க மேடம்” என்றேன் நான்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். “நல்லதுங்க. எந்த வருஷம்?”

“வாசனையே ஆகாது மேடம். மோர் வியாபாரம். சுத்தமான மோர்.”

கலா மேஜைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். மேடம் அவளிடம் கேட்டுக் கேட்டுத் தட்டினார். கடைசியில் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நான் பார்த்தேன். போன வருடம் நான் கட்டியதைவிட ஏகத்துக்கு ஜாஸ்தி.

“மேடம், தப்பா இருக்கு! இவங்க மேல கேஸே கிடையாது!”

“கேஸா? இன்னா கேஸு?”

அதற்குப் பிறகு என் வாயை என்னால் நிறுத்த முடியவில்லை. காதுகுத்து, பிரியாணி, போலீஸ், கோர்ட், மார்த்தாம்மாவின் தம்பி என்று எல்லாம் வரிசையாக வந்தது. இரண்டு மேஜை தள்ளி இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“அது வேற நாட்டு வழக்கங்க. இங்க நாங்க வண்டியோட வயசு, இன்ஜின், எத்தன பேர் உக்கார்றாங்க, இதத்தான் பாப்போம். ஓட்டறவரு கோர்ட்டுக்குப் போனாரான்னு இதுல கேள்வியே இல்ல. ஆனா ஒண்ணு, குடிச்சிட்டு ஓட்டி இடிச்சிட்டா வண்டிய ரிப்பேர் பண்ணிக் குடுங்கன்னு எங்ககிட்ட வரக்கூடாது. ஒரு பைசா வராது.”

“அப்புறம் ஏன் மேடம் இவ்வளவு ஜாஸ்தி?”

“ஓனர் மாறிட்டாங்களே. பழைய ஓனருக்குப் பெரிய தள்ளுபடி இருந்திச்சுங்க. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நஷ்டஈடு கேட்டு வந்தது இல்ல அவரு. அந்தத் தள்ளுபடி ஆளுக்குத்தான், வண்டியோட வராது. அம்மா புது ஓனர், அதான்.” மேடம் திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “நல்ல டிரைவர் போலருக்குது அவரு. ஏன்தான் வித்தாரோ.”

நான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“அவருதாங்க இவரு” என்றாள் கலா.

இரண்டு மேஜை தள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது.

பணத்தைக் கட்டி வெளியே வந்தோம். வாசலிலேயே சொன்னேன்: “ஒண்ணும் கெட்டுப்போகல கலா. திரும்ப என் பேருக்கு மாத்திடலாம்.”

“எதுக்கு?”

“எதுக்கா? என் கார் இல்லையா?”

“இப்ப இன்னா, நான் அதத் தூக்கிக்கிட்டா ஓடறேன்? மறுபடி அலையணும், மறுபடி துட்டு. அதெல்லாம் வேணாம்.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினாள். “அதுவும் இல்லாம, ரிஸ்க் ஜாஸ்தின்னு நீங்கதான சொன்னீங்க?”

மார்த்தாம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். “நான் சொன்னது என் ஊர்” என்றார் அவர் நிதானமாக. “நீ உன் ஊர்னு கேட்டே.” மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஏழுமலை வந்து வழக்கம்போல டயரை உதைத்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது: “டேய், யார் வண்டிய உதைக்கற?” அவன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். அவன் திரும்ப டயர் பக்கம் போனதேயில்லை.

தீபத்துக்கு ஆக்டிங் டிரைவர்தான் ஓட்டினான். கலா ஜூஸ் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு அவன் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால், சவாரிகளோடு சவாரியாக. மூன்று நாள் அவன் கியர் போடுவதையே பார்த்துக்கொண்டு வந்தவள், நான்காம் நாள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். என் லைசென்ஸ் திரும்பி வந்த சமயத்தில் அவளுக்கும் புதிதாக லைசென்ஸ் வந்திருந்தது. இப்போது உள்ளூர் சவாரியெல்லாம் அவள்தான். தனியாக வரும் பெண்களும் வெளிநாட்டு அம்மாக்களும் அவளைத்தான் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். மார்த்தாம்மா உட்பட. சென்னை ஏர்போர்ட் மாதிரித் தூரத்துச் சவாரிகளுக்கு என்னை அனுப்புகிறாள். சம்பளம் சரியாகக் கொடுத்துவிடுகிறாள். சூரத் முதலாளியைவிடப் பல மடங்கு நல்ல முதலாளி.

வீட்டில்தான் நிம்மதி போய்விட்டது. என் மகள் யமுனா எதற்கெடுத்தாலும் ஒரே மருந்து சொல்வாள். பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்தால், “அம்மா பேருக்கு மாத்திடலாம்பா, ரிஸ்க் கம்மி.” கரண்ட் பில் அதிகமாக வந்தால் அதுவும் அம்மா பேருக்கு. ஏழுமலை தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து வைத்தபோதுகூட, “மாமா, ஏதாவது பிரச்சினைன்னா பொண்ண அக்கா பேருக்கு மாத்திடலாம் இல்ல?” என்று கேட்டுவிட்டு, பிறகு அதைக் கேள்விப்பட்ட மணப்பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

போன மாதம் தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று பேரும்தான் போனோம், கார் ஓட்டியது முதலாளியம்மா. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு முகம் வாடிப்போனது. யமுனா என் தோளில் கையை வைத்து, “கவலப்படாதப்பா. அம்மா பேருக்கு மாத்திடலாம்” என்றாள்.

டாக்டர் ஒன்றும் புரியாமல் கலாவைப் பார்த்தார்.

“அத அவரே வெச்சிக்கட்டும் சார்” என்றாள் கலா, கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து. “எனக்குக் கார் போதும்.”