ரெண்டே பிள்ளைகள், ஒரே அருவி

சனிக்கிழமை சாயங்காலம், சூடான பஜ்ஜி கையில் இருந்த சந்தோஷத்தில், கலையரசன் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டான்.

"பிள்ளைங்கள பாத்துக்கறது என்ன அவ்வளவு பெரிய வேலையா?"

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் அவனுக்கு வேலை. சுண்ணாம்புக்கல் லாரி கேட்டுக்குள் திரும்பும்போதே, டயர் நசுங்கியிருப்பதைப் பார்த்து இத்தனை டன் என்று சொல்லிவிடுவான். மெஷின் பிறகு யோசித்து அதையே சொல்லும். அதனால் உலகத்தில் எதையும் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடலாம் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அவனால் சரியாக எடை போட முடியாமல் இருந்தது அவன் மனைவி அம்பிகா ஒருத்திதான்.

அம்பிகா கல்லங்குறிச்சிப் பக்கம் சுகாதார நர்ஸ். வாரத்தில் ஆறு நாள் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் பிள்ளைகளுக்கு ஊசி போடுவாள். ஏழாவது நாள் சொந்தப் பிள்ளைகள் அவளைப் பிய்த்து எடுக்கும். பெரியவள் ஆதிரை, ஏழு வயது. சின்னவன் நிலவன், நாலு.

"அவ்வளவு சின்ன வேலைன்னா நாளைக்கு ஒரு நாள் நீங்க பாத்துக்குங்களேன்," என்றாள் அம்பிகா. குரலில் கோபமே இல்லை. கோபமில்லாமல் பேசினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பஜ்ஜி அதை மறக்கடித்துவிட்டது.

"வூட்டுல வெச்சுப் பாத்துக்கறதெல்லாம் ஒரு விஷயமா? வெளியில கூட்டிட்டுப் போறேன். அருவிக்கு."

"எந்த அருவி?"

"பெரம்பலூர்லேர்ந்து போகணும். பச்சைமலை அடிவாரத்துல. பெஞ்ச மழைக்கு நல்லா தண்ணி கொட்டுதாம்."

"ரெண்டு கிலோமீட்டர் நடக்கணுமே. பாறையும் மேடுமா இருக்கும்."

"நடப்போம்."

"நிலவனுக்கு நாலு வயசுங்க."

"நாலு வயசுதான, நாலு டன்னா? நீ பத்து மணி வரைக்கும் தூங்கு. எண்ணெய் தேச்சுக் குளி. ரெண்டே பிள்ளைங்க, ஒரே அருவி. போனோம், பாத்தோம், வந்தோம்னு வரேன்."

"சரி," என்றாள் அம்பிகா.

அத்தோடு முடிந்தது. ஒரு எதிர்க்கேள்வி இல்லை. அந்த ஒற்றைச் 'சரி' அவனுக்கு லேசான அதிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனாலும் பஜ்ஜி இன்னும் ரெண்டு பாக்கி இருந்தது.

காலையில் வாசலில் ஒரு பெரிய பை நின்றது. கலையரசன் திறந்து பார்த்தான். மாற்று உடுப்பு ரெண்டு ஜோடி, துண்டு, பிளாஸ்டிக் கவர், கால் சுற்றும் பட்டைத்துணி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், முறுக்கு, தண்ணீர். "இது ஓவர்லோடு," என்று சொல்லி முறுக்குப் பாக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் மட்டும் எடுத்துக்கொண்டான். ஓவர்லோடு லாரியைத் திருப்பி அனுப்புகிற அதே முகம்.

முறுக்கு பெரம்பலூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. நிலவனின் டவுசர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நனைந்துவிட்டது. "ஒண்ணுக்கு வருதுன்னு சொல்ல மாட்டியாடா?" என்றான். "வந்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு," என்றான் நிலவன். வீட்டில் விட்டுவந்த பையில் இருந்தவை ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்து போயின. புது டவுசர் ஒன்று வாங்கி மாட்டி, டவுன் பஸ் பிடித்து அடிவாரத்தில் இறங்கியபோது மணி பத்தரை.

ஒற்றையடிப் பாதை. ரெண்டு பக்கமும் முள்ளுப் புதர். தூரத்தில் மலை பச்சைப்பசேல் என்று நின்றது. ஆதிரை வாயைத் திறந்தாள்.

"அருவிக்குத் தண்ணி எங்கேர்ந்துப்பா வருது?"

"மலையிலேர்ந்து."

"மலைக்கு?"

"மேகத்துலேர்ந்து."

"மேகத்துக்கு?"

"கடல்லேர்ந்து."

"அப்ப கடலுக்கே போயிருக்கலாம்ல. நடக்க வேணாம்ல."

பதில் தேடுவதற்குள் பின்னால் ஒரு சத்தம். நிலவன் பாதை நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா?"

"காலு தீந்துபோச்சுப்பா."

திரும்பிப் பார்த்தால் பஸ் நின்ற இடம் இன்னும் தெரிந்தது. இருநூறு அடிகூட நடந்திருக்க மாட்டார்கள். கலையரசன் மகனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தான். வீட்டில் பதினாலு கிலோ இருந்த பிள்ளை, முதல் ஓடையில் இருபதானான். அடுத்த மேட்டில் நாற்பது. எடைமேடையில் பத்து வருஷ அனுபவம் உள்ளவனுக்கு இது பேரதிர்ச்சி. வழியில் ஒரு சுமையும் ஏற்றாமல் ஒரு வண்டி இப்படிக் கூடியதை அவன் பார்த்ததே இல்லை.

"அவன மட்டும் தூக்கறீங்க," என்றாள் ஆதிரை. "நான் உங்க பொண்ணு இல்லையா?"

கடைசியில் ஆளுக்கு நூறு அடி என்று ஒப்பந்தமானது. எண்ணுகிற பொறுப்பை ஆதிரை எடுத்துக்கொண்டாள். அவள் முறை வந்தால் மட்டும் எழுபதுக்கு அப்புறம் மறுபடி அறுபது வந்தது. கேட்டால், "ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க," என்றாள்.

ஒருவழியாக அருவி வந்தது. வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கறுத்த பாறையில் வெள்ளைத் துணி விரித்த மாதிரி தண்ணீர். சாரல் முகத்தில் அடித்தது. கீழே முழங்கால் ஆழத்துக்குக் குளம் போலத் தேங்கி, கல்லுக்கு நடுவே ஓடையாக வழிந்தது. அன்றைக்கு வேறு ஆளே இல்லை. பிள்ளைகளைத் தட்டைப் பாறை ஒன்றில் உட்கார வைத்து, "அசையக்கூடாது," என்று சொல்லிவிட்டு, கலையரசன் போனை எடுத்தான். அம்பிகாவுக்கு ஒரு வீடியோ. அதற்காகத்தானே இவ்வளவும்.

அருவியை மேலிருந்து கீழே எடுத்தான். பிறகு தன் முகம். "பாத்தியா அம்பிகா? ஒரு சிரமமும் இல்ல. ரெண்டு பேரும் சமத்தா உக்காந்திருக்காங்க பாரு," என்று சொல்லிக்கொண்டே போனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினான்.

திரையில் ஆதிரை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி எங்கடி?"

ஆதிரை பக்கத்தில் பார்த்தாள். "இங்கதான் இருந்தான். நான் வீடியோவுக்குச் சிரிச்சுட்டு இருந்தேன்."

கலையரசனுக்கு அருவிச் சத்தம் நின்றுபோனது. உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. தேங்கிய தண்ணீரைப் பார்த்தான். அது கலங்கலாக, பேசாமல் இருந்தது. செருப்போடு உள்ளே இறங்கினான். ரெண்டு கையையும் விட்டுத் துழாவினான். கையில் இலை வந்தது. கல் வந்தது. "நிலவா," என்று கூப்பிட்டான். தொண்டையில் இருந்து வேறு யாருடைய குரலோ வந்தது. கல்லிடுக்கில் இடது கால் மாட்டி, கணுக்காலில் ஏதோ மடிந்தது. வலி தெரியவில்லை. ஓடை பக்கம் தவழ்ந்து போனான். சட்டைக் கலர் ஏதாவது தெரிகிறதா என்று தேடினான். நிலவன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. காலையில் உடுப்பு மாட்டியது அம்பிகா. காலையிலிருந்து அந்தப் பிள்ளையைத் தூக்கித் திரிந்தவன் இவன். எவ்வளவு யோசித்தும் சட்டை நினைவுக்கு வரவில்லை. தண்ணீரிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

"சார், மஞ்ச சட்டைப் பிள்ளையையா தேடறீங்க?"

பாறைக்குப் பின்னால் இருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்தார். தலையில் துண்டு, கையில் தொரட்டி. ஆடு மேய்க்கிறவர். கலையரசன் ஒற்றைக் காலில் நொண்டிப் போய்ப் பார்த்தான். நிலவன் ஒரு குட்டி ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் காதில் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தான். மஞ்சள் சட்டைதான்.

"நீ அசையக்கூடாதுன்னு சொன்னல்லப்பா," என்றான் நிலவன். "குட்டிதான் அசஞ்சுச்சு."

பிள்ளையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கலையரசன் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்திருக்க முடியவில்லை. இடது கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"ஏறுங்க சார்," என்று அந்த ஆள் முதுகைக் காட்டிக் குனிந்தார். பெயர் செல்லதுரையாம். ஆளைப் பார்த்தால் ஐம்பது கிலோகூடத் தேறாது.

"வேணாங்க. நான் எம்பத்திரண்டு கிலோ."

"ஆட்டத் தூக்குனா அது எத்தனை கிலோன்னு சொல்லிட்டா வருது? பேசாம ஏறுங்க சார்."

ஏறினான். அருவிக்கு வீரமாகப் போன கலையரசன் உப்பு மூட்டையாகத் திரும்பினான். முன்னால் குட்டி ஆடு நடந்தது. அதன் பின்னால் நிலவன், தீர்ந்துபோன அதே காலோடு, ரெண்டு கிலோமீட்டரும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் நடந்தான். ஆதிரை செல்லதுரை பக்கத்திலேயே வந்து, பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து வீட்டு விவகாரம் முழுக்க அளந்துகொண்டு வந்தாள். கலையரசன் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் காதில் வாங்கவில்லை.

ஆட்டோவில் ஏற்றிவிட்ட செல்லதுரை, எதுவும் வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். பெரம்பலூரில் ஐஸ்கிரீம் கடை முன்னால் கலையரசன் பேச்சுவார்த்தை தொடங்கினான்.

"நடந்தது எதையும் அம்மாகிட்ட சொல்லக்கூடாது."

"எது? தம்பி காணாமப் போனதா, நீங்க அழுததா, உப்பு மூட்டை வந்ததா?" என்றாள் ஆதிரை.

"மூணும்தான்."

"அப்ப மூணு ஐஸ்கிரீம்."

வீட்டில் அம்பிகா தலைக்குக் குளித்து, கூந்தலை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருஷத்தில் அவளை இவ்வளவு ஓய்வாக அவன் பார்த்ததில்லை. கலையரசன் நொண்டாமல் நடக்கப் பார்த்து, நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

"காலுக்கு என்னங்க?"

"பஸ்ல மரத்துப்போச்சு."

"அப்படியா. பிள்ளைங்க படுத்துனாங்களா?"

"தங்கம் ரெண்டும். சொன்ன பேச்சு கேட்டுதுங்க. இதுக்குப் போயி நீ ஞாயித்துக்கெழமையானா மூஞ்சிய தூக்கி வெச்சுக்கற."

"அப்படியா," என்றாள் அம்பிகா மறுபடியும். பட்டைத்துணியை எடுத்து வந்து, மரத்துப்போன காலை இறுக்கமாகச் சுற்றிவிட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று கலையரசன் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு புவனேஸ்வரி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு சிரமமும் இல்லாம அருவிக்குப் போயிட்டு வந்தீங்களாமே. அம்பிகா சொல்லிச்சு. எங்க மூணும் கேட்டதுலேர்ந்து ஒரே அழுகை. எங்க அக்கா பிள்ளைங்க ரெண்டும் வருதுங்க. ஞாயித்துக்கெழம அஞ்சையும் உங்க கூட அனுப்பறேன். நீங்க தங்கமான மனுஷன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். அஞ்சும் ரெண்டும் ஏழு. கலையரசன் நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போனான். அம்பிகா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏழு பிள்ளைங்களையா? என்னால முடியாதுன்னு சொல்லிடு."

"காரணம் கேப்பாங்களே. என்ன சொல்றது?"

"காலு சுளுக்கியிருக்கு."

"மரத்துத்தானே போச்சு?"

கலையரசன் அடுப்பு மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒன்று விடாமல் சொன்னான். டவுசர், நூறு அடி ஒப்பந்தம், வீடியோ, தண்ணீர் எல்லாம். சட்டை வந்த இடத்தில் குரல் உடைந்தது.

"அவன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான்னே எனக்குத் தெரியல, அம்பிகா."

கத்தி நின்றது. அம்பிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"ரொம்ப நேரமா காணோமா?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"மூணு நிமிஷம்தாங்க. செல்லதுரை சொன்னாரு."

அவன் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. அது உறைக்க இன்னொரு நிமிஷம் ஆனது.

"உனக்கு எப்படி அவரத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அந்த அடிவாரத்துலதான் வேலை பாத்தேன். அவரு பிள்ளைங்க ரெண்டுக்கும் பிரசவம் பாத்தது நான்தான். அம்மா பேரு அம்பிகா, நர்சுன்னு ஆதிரை சொல்லியிருக்கா. உங்க ஆட்டோ பெரம்பலூர் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு அவருகிட்டேர்ந்து போன் வந்துடுச்சு."

"முன்னாடி வேலை பாத்தது பெரம்பலூர் பக்கம்னு மட்டும்தான சொன்ன?"

"எந்தப் பக்கம்னு நீங்க கேக்கவே இல்லையே."

"நாலு நாளா தெரிஞ்சுக்கிட்டா பேசாம இருந்த?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. அதான் புவனேஸ்வரிகிட்ட சொன்னேன்."

கலையரசனுக்குப் பெரிய மூச்சு ஒன்று வந்தது. "சரி. இப்பதான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்ல. ஞாயித்துக்கெழம கெடையாதுன்னு சொல்லிடு."

"அது எப்படிங்க? பிள்ளைங்க ஆசையா பையெல்லாம் எடுத்து வெச்சிருக்குதுங்க. நானும் வரேன்."

"என் காலு?"

அம்பிகா எழுந்து போய் அவரைக்காயை எடுத்தாள்.

"பிள்ளைங்க ஏழு பேரையும் நான் பாத்துக்கறேங்க. உங்க ஒருத்தருக்குத்தான் ஆளு சொல்லியிருக்கேன், செல்லதுரை பஸ் ஸ்டாப்புலயே நிப்பாரு."