தண்ணீருக்குப் பூட்டுப் போட்டவர்

தண்ணீருக்குப் பூட்டுப் போட நினைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் பக்கத்து நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான்.

கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில், கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி. நான் மதுரையிலிருந்து வசனம் எழுதப் போனவன். அவரை நாங்கள் பூட்டு இக்கா என்போம்; இக்கா என்றால் அங்கே அண்ணன். அவர் ஷேடர் எழுதுபவர். அதாவது, திரையில் தண்ணீர் எப்படி அலைய வேண்டும், வெயில் அதில் எப்படி விழ வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் நிரல். படகுத்துறையில் நின்று காயல் தண்ணீரைப் பார்த்துப் பார்த்தே ஒரு வருடம் எழுதினார். அந்தத் தண்ணீரைப் பார்த்தால் கால் நனைக்கத் தோன்றும்.

பழைய கம்பெனியில் அவர் எழுதிய மழையை எவனோ திறந்து பார்த்து, தன் கேமில் பெய்ய வைத்துவிட்டானாம். அன்றிலிருந்து விளையாடுகிறவர்கள் அத்தனை பேரும் அவருக்குத் திருடர்கள். சாயா கொண்டுவரும் சேட்டன் வந்தால்கூட திரையை அணைத்துவிடுவார். அந்தச் சேட்டனுக்கு வாட்ஸ்அப்பே சரியாகத் திறக்க வராது.

முதலில் நிரலை ரகசியக் குறியீடாக மாற்றினார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆனா இக்கா, விளையாடுறவங்க மெஷின்ல ஓடணும்னா அங்க போய்த் திறந்துதானே ஆகணும்?"

இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள், அலை, ஆழம், வெயில் என்று நிரலில் இருந்த பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, வாய்க்குள் நுழையாத எழுத்துகளைப் போட்டு வைத்தார். வரிகளுக்கு நடுவே எழுதியிருந்த விளக்கக் குறிப்புகளை மட்டும் தொடவில்லை. வீட்டில் அவர் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். அதனால் குறிப்பெல்லாம் மலையாள எழுத்தில் எழுதிய தமிழ்.

"இதையும் எடுத்துடுங்க இக்கா."

"எந்தினா, எதுக்கு? தமிழனுக்கு வாசிக்கத் தெரியாது. மலையாளி வாசிச்சாலும் மனசிலாவாது. இதைவிட நல்ல பூட்டு உண்டா தம்பி?"

கேம் வெளியான நாலாம் நாள், பாலக்காட்டுக் கல்லூரிப் பெண் ஒருத்தியிடமிருந்து மெயில். அதுவும் மலையாள எழுத்தில் தமிழ். இக்காதான் வாசித்தார்.

"இக்கா, எங்க வீட்லயும் இப்படித்தான் எழுதுவோம். நிரலைத் திறந்து குறிப்பு பூரா வாசிச்சேன், எல்லாம் மனசிலாச்சு. அலையில மட்டும் ஒரு சந்தேகம். சொல்லித் தருவீங்களா?"

இக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வருட உழைப்பு திறந்து கிடக்கிறது. வேலையை விட்டுவிடுவார் என்றே பயந்தேன். அவரோ கீபோர்டை இழுத்து, மத்தியானச் சோற்றையும் மறந்து, நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினார்.

"களவாண்டவ சந்தேகம் கேப்பாளா? படிக்கிற புள்ள."

பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். இக்கா மஸ்கட்டில் மகனோடு இருப்பதாகக் கேள்வி. பாதுகாப்புக்காக போன் நம்பரை மாற்றினார். புது நம்பரை யாருக்கும் சொல்லவில்லை. அவர் போட்ட பூட்டுகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இப்போது நான் சென்னையில். இருப்புக்கொள்ளாத நாட்களில் அந்த நிரலைத் திறக்கிறேன். மலையாள எழுத்தைக் கற்றதே இதற்காகத்தான். ஒருநாள் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே போனபோது, சாயங்கால வெயில் வரும் இடத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

"இந்த நிறம் தம்பிக்குப் பிடிச்சது. ஆரும் மாத்தக் கூடாது."

யாரும் மாற்றவில்லை, இக்கா. உங்களைத்தான் ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.