இறாலுக்குள் இறால் இருந்த கதை

எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நாற்பது வருஷம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஊரும் நம்பியது. நம்பாதவர்கள் என் எதிரில் சொன்னதில்லை. ஒரே ஒரு மதியச் சாப்பாட்டில் அந்தப் பெயர் போயிற்று. போனது நல்லதுதான் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன் (சொல்லாமல் இருக்க என்னால் முடியாது). முதுகுளத்தூர்ப் பக்கம் மழையை நம்பின மண்ணில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வெளியில் சொல்வது வழக்கம். பாம்பனுக்கு வந்து ஐஸ் பெட்டி தூக்கினேன். இன்றைக்கு மண்டபத்துக்கு இந்தப் பக்கம், கடலை ஒட்டி, எனக்கென்று இறால் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. கடலில் பிடித்த தாய் இறாலை உயிரோடு வாங்கி, தொட்டியில் முட்டையிட வைத்து, குஞ்சாக்கிக் குளக்காரர்களுக்குக் கொடுப்பது தொழில். நோயுள்ள தாய் ஒன்று உள்ளே வந்தால் போதும், அந்தக் குஞ்சு போன குளத்திலெல்லாம் இறால் வளராமல் குட்டையாக நின்றுவிடும். அதனால் தாயைத் தொட்டியில் விடுமுன் அந்த நோயின் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அதற்காகத்தான் பிசிஆர் மெஷின் வாங்கினேன். வந்த அன்றே சந்தனம் குங்குமம் வைத்தேன் (மருமகள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்). வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் மெஷினைக் காட்டுவேன். என் மருமகள் வளர்மதி நுண்ணுயிரியல் படித்தவள். மெஷினை ஓட்டுவது அவள். அதைப் பற்றிப் பேசுவது நான்.

எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் அவள் சொன்னாள். ஒவ்வொரு உயிருக்குள்ளும் நீளமாக ஓர் எழுத்து வரிசை இருக்கிறதாம். நாலே நாலு எழுத்துதான் மாறி மாறி வருமாம். பிரைமர் என்பது அதில் இருபது எழுத்து அளவுக்கு ஒரு துண்டு. அந்த இருபதும் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு ஜோடி ஒட்டினால், நடுவில் உள்ளதை மெஷின் பல கோடியாகப் பெருக்கிக் காட்டும்.

"தூண்டில்னு சொல்லு தாயி" என்றேன்.

"தூண்டில்தான் மாமா. ஆனா எந்த மீனு கடிச்சிச்சுன்னு தூண்டிலுக்குத் தெரியாது."

முதல் பாதியை ஊரெல்லாம் சொன்னேன். இரண்டாவது பாதி காதில் ஏறவில்லை.

பழைய பிரைமர் தீர்ந்த சமயத்தில் ஏஜெண்டு ஒருவர் வந்தார். முழுக்கைச் சட்டை, தோல்பை. "இது எல்லாருக்கும் குடுக்கிறதில்ல சார். உங்களை மாதிரி சொந்தக் கையால முன்னுக்கு வந்தவங்களுக்குத்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் உப்புத்தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன். இரண்டு சின்னக் குப்பியில் புதுப் பிரைமர். கூடவே அதன் எழுத்துகள் அச்சடித்த ஒரு தாள். "தொழில் ரகசியம், பத்திரமா வைங்க" என்றார். வைத்தேன். நிலப் பத்திரங்களோடு இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

வளர்மதி தாளைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"உலகத்துல எந்தெந்த உயிரோட எழுத்தைப் படிச்சிருக்காங்களோ, அத்தனையும் ஒரு இடத்துல சேத்து வச்சிருக்காங்க மாமா. கம்ப்யூட்டர்ல தேடலாம். இந்த இருபது எழுத்து வைரஸ்ல மட்டும் இருக்கா, வேற எதுலயாச்சும் இருக்கான்னு பாத்துட்டுத்தான் போடணும்."

"இருபது எழுத்துக்கு எதுக்கும்மா உலகம்? நான் ஆளப் பாத்து வாங்குனது."

"என்னையப் பொண்ணு கேக்க வாரதுக்கு முன்னாடி எங்க ஊருல எத்தன வீட்டுல விசாரிச்சீங்க?"

பதினோரு வீடு. பால்காரர் தனி. ஆனால் அதைச் சொல்லவில்லை. "அது குடும்பம், இது குப்பி" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனேன்.

மறுநாள் சூசை வந்தான். பாம்பன்காரன். தாய் இறாலை உயிர் போகாமல் கரை சேர்ப்பதில் அவனுக்கு இணை அந்தத் தீவில் கிடையாது. நீல டிரம்மில் கடல்தண்ணீர், காற்றுக்குழாய், மேலே ஈரச் சாக்கு; பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வருவான். பதினைந்து வருஷமாக முதல் டிரம் எனக்குத்தான். வளர்மதி ஒவ்வொரு தாயின் நீந்துகால் நுனியையும் கத்தரித்து எடுத்து, சோதனைக்குப் போட்டாள். எல்லாவற்றிலும் வைரஸ்.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி வருது. எனக்கு உறுத்துது மாமா" என்றாள். நம் தொட்டியிலிருக்கும் நல்ல இறாலையும் போட்டுப் பார்த்தாள். அதிலும் வைரஸ். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியா, சூசை டிரம்முலேருந்து அதுக்குள்ள நம்ம இறாலுக்கும் பரவிருச்சு!" (அந்த டிரம்மின் தண்ணீர் ஒரு சொட்டுகூட எங்கள் தொட்டியில் படவில்லை.)

டிரம்மை வண்டியில் ஏற்றிப் பாம்பன் இறங்குதளத்துக்கு நானே கொண்டுபோனேன். அத்தனை படகுக்காரர்களும் இருந்தார்கள். சத்தமாகத்தான் சொன்னேன். "ஏலே சூசை, நோய் பிடிச்ச இறால என் தலையில கட்டப் பாத்தியா?"

சூசை டிரம்மைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கடல்ல கெடந்தத எடுத்தாந்தேன். நானா பண்ணுனேன் அண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

அன்று மாலைக்குள் கடற்கரையிலிருந்த குஞ்சுப் பண்ணை அத்தனைக்கும் சேதி போய்விட்டது. சூசை டிரம்மை யாரும் உள்ளே விடவில்லை. அடுத்து வந்த இரண்டு படகுக்காரர்களின் இறாலிலும் வைரஸ் என்றது மெஷின். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கர்வம்தான் வந்தது: என் மெஷினிடம் யாரும் தப்ப முடியாது!

குளக்காரர்கள் பயந்துபோனார்கள். அவர்களுக்குத் தைரியம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தேன். ஆளுக்கொரு இறால் கொண்டுவாருங்கள், கண் முன்னாலேயே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். காலையில் போட்டால் சாப்பாட்டு நேரத்துக்கு முடிவு வந்துவிடும். பந்தியில் இறால் தொக்கு மணத்துக்கொண்டிருந்தது. வந்த இருபது பேரின் இறாலிலும் வைரஸ்.

யாரும் தொக்கைத் தொடவில்லை. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் (ஊரில் நெல், கடலோரத்தில் இரண்டு குளம்) மெல்ல எழுந்தார். அவர் கொண்டுவந்த இறாலைத் தூக்கிப் பிடித்தார். நல்ல ஒரு சாண் இருந்தது.

"இந்த நோய் வந்தா என்னப்பா ஆகும்?"

"வளராது. குட்டையா நின்னுபோகும்" என்றேன்.

"இதான் குட்டை நோய் வந்த இறாலுன்னா, என் ரெண்டு குளத்துக்கும் அந்த நோய் வரட்டும்."

பந்தி குலுங்கிச் சிரித்தது. சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த என் மனைவி, "அந்தத் தாள எடுத்து அவ கையில குடுங்க. பத்திரத்தோட பூட்டி அடைகாத்தது போதும்" என்றாள்.

இருபது பேர் முன்னிலையில் வேட்டியைத் தளர்த்தி, அரைஞாண் முடிச்சோடு போராடினேன். அவசரத்தில் அது இறுகிக்கொண்டது. கடைசியில் மகன் கத்தரிக்கோல் கொண்டுவந்தான்.

வளர்மதி கம்ப்யூட்டரைப் பந்திக்கு நடுவிலேயே கொண்டுவந்து வைத்தாள். "மாமா, நீங்களே வாசிங்க" என்றாள். இங்கிலீஷில் எனக்குத் தடுமாறாமல் வாசிக்க வருகிற எழுத்து கொஞ்சம். அதிர்ஷ்டவசமாக இந்த நாலும் அதில் சேர்த்தி. கணீரென்று வாசித்தேன். என் மேல் எழுதிய தீர்ப்பை நானே வாசிக்கிறேன் என்று அப்போது தெரியாது. இரண்டு குப்பிக்குமாக நாற்பது எழுத்து. அவள் தட்டினாள். ரசம் ஊற்றுகிற நேரம்கூட ஆகவில்லை, திரை நிரம்பிவிட்டது.

"மேல இருக்கறது வைரஸ் பேரு. அதுக்குக் கீழ வரிசையா இருக்கு பாருங்க, அது இறால் பேரு."

"இறாலப் பாக்கத்தானே வாங்குனோம்? இறால் பேரு வந்தா நல்லதுதானே தாயி?"

"இறாலோட சொந்த எழுத்துலயே இந்தத் துண்டு இருக்கு மாமா. எந்தக் காலத்துலயோ வந்த வைரஸோட ஒரு துண்டு இறாலோட உடம்புக்குள்ள ஒட்டி, தாய்கிட்டேருந்து குஞ்சுக்குன்னு எறங்கி வருது. அது நோய் இல்ல. வந்துபோன தழும்பு. இந்தப் பிரைமரு அதையும் பிடிக்குது. இத்தன நாளும் நம்ம மெஷினு கண்டுபிடிச்சது என்னன்னா..." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இறாலுக்குள்ள இறால் இருக்கு."

தொக்கு ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்க, நான் டிரம்மைப் பார்த்து நின்ற சூசையின் முகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் பாம்பன் போனேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். ஆனால் பழி சொன்னது கூட்டத்தில். சூசை படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அதே படகுக்காரர்கள் இருந்தார்கள். அதே சத்தத்தில் சொன்னேன்: "சூசை, தப்பு உன் இறால்ல இல்ல. நான் விசாரிக்காம வாங்குன குப்பியில."

அவன் கையிலிருந்த மசகைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "குழாயடியில எம் பொண்டாட்டியக் கேக்குறாளுகண்ணே, ஒம் புருசன் நோய் இறால்தான் பிடிப்பானாமேன்னு" என்றான். அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

பிறகு அவனே கேட்டான். "இப்ப என்ன சொல்லுது ஒங்க மெஷினு?"

"இறால் இருக்குங்குது."

"எங்கன?"

"இறாலுக்குள்ள."

சூசை முதலில் சிரிக்கவில்லை. பக்கத்துப் படகில் ஒருவன் சிரித்தான், பிறகு தளமே சிரித்தது, கடைசியாகத்தான் சூசை. ஆனாலும் அந்தப் பருவம் முழுக்க அவன் முதல் டிரம் வேறு பண்ணைக்குப் போயிற்று.

இப்போதெல்லாம் யோசிக்கிறேன். ஒரு ஆளைப் பற்றி இருபது எழுத்து காதில் விழுந்தால் போதும், முழு ஆளையும் படித்துவிட்ட மாதிரி எத்தனை பேருக்கு நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்? என்றைக்கோ பட்ட தழும்பைப் பார்த்து நோயென்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்? அவர்களுக்கெல்லாம் தேடிப் பார்த்துச் சொல்ல வளர்மதி இருந்திருக்க மாட்டாள்.

பீரோ சாவி இப்போது அவளிடம். வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், மனைவி தொடங்கி பேத்தி வரை ஒரே கேள்விதான்: "விசாரிச்சாச்சா?" அடுத்த பருவத்தில் சூசை திரும்பி வந்தான். அன்று முதல் இன்று வரை, டிரம்மை இறக்கும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுக்காமல் அவன் கேட்டைத் தாண்டுவதில்லை.

"அண்ணே, நல்லாப் பாத்து எடுங்க. உள்ள இறால் இருந்தாலும் இருக்கும்!"

கேட்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கும். ஆனாலும் டிரம்மின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்து இறக்குகிறேன். வேறு யாரையும் பிடிக்க விடுவதில்லை.