அமைதியடைந்த கடல்

நாட்டின் கடலைக் காக்க ஒரே ஒரு ரோந்து விமானம் இருந்தது. அதற்கும் வயதாகிவிட்டது. மேலே போனால் இறக்கை ஆடும். கீழே வந்தால் கதவு திறக்காது. ஆகவே அது உரிய மரியாதைகளுடன் ஓய்வு பெற்றது. காலியான இடத்தை நிரப்ப, மாண்புமிகு விமானத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது.

பெண் பார்க்கப் போவது போலக் குழு நாடு நாடாகப் போனது. ஒரு விமானத்துக்கு மூக்கு சப்பை. இன்னொன்றுக்கு வால் நீளம். எல்லாம் பொருந்திய மூன்றாவதில் இருக்கை ஊதா நிறம். இந்த வருஷம் சாம்பல் நிறம்தான் நாகரிகமாம். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

பிறகு, விமானம் தேவைதானா என்று ஆராயக் கூடினார்கள்.

“கடல்ல கள்ளப் படகு நடமாட்டம் எப்படிய்யா இருக்கு?” என்றார் தலைவர்.

“சுத்தமா இல்லீங்க ஐயா,” என்றார் செயலாளர். “விமானம் பறந்தப்போ வாரம் தவறாம தகவல் வரும். அது நின்னதுலேருந்து ஒண்ணுமே வரலை.”

“அப்போ அத்தனை தொல்லைக்கும் அந்த விமானம்தான் காரணம்!”

கடல் அமைதியடைந்துவிட்டதாகத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் நாத்தனார் வீட்டுக்காரர் ஓட்டிப்போன மீன்பிடிப் படகு திரும்பவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் குழுவிடம் ஓடினாள். துணைக்கு நானும் போனேன்.

“சார், படகைக் காணோம் சார்! அவரோட இன்னும் மூணு பேர் இருக்காங்க!”

“காணோம்னு எப்படிம்மா சொல்றே?” என்றார் தலைவர். “மேலேருந்து யாராவது தேடிப் பார்த்தாங்களா?”

“தேடத்தான் விமானம் இல்லையே சார்!”

“தேடாம காணோம்னு சொல்லக் கூடாதும்மா. இப்போதைக்கு அவர் கடல்ல இருக்கார். அவ்வளவுதான். அதுதானே அவர் தொழில்?”

“உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?” என்று நான் குறுக்கே புகுந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் வாசல் காட்டப்பட்டது.

இன்ஜின் பழுதாகி, குடிக்கத் தண்ணீர் தீர்ந்து, மிதந்துகொண்டே போன படகைப் பக்கத்து நாட்டு ரோந்து விமானம் பார்த்துவிட்டது. அவர்கள் கப்பலே நாலு பேரையும் கரை சேர்த்தது. உடனே குழு நாத்தனார் வீட்டுக்காரரை வரவழைத்து விசாரித்தது. நாங்களும் கூடப் போயிருந்தோம்.

“அவங்க விமானத்துல இருக்கை என்ன நிறம்?”

“நாக்கு வறண்டு கவுந்து கிடந்தேன் சார். சத்தம்தான் கேட்டுச்சு.”

தலைவர் எழுந்தார். “நம் கடலைப் பக்கத்து நாடே செவ்வனே பார்த்துக்கொள்வதால், புது விமானம் அநாவசியம் எனத் தீர்மானிக்கப்படுகிறது.”

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “அடுத்தவன் நம்ம கடலுக்குள்ள வந்து வேவு பார்த்துட்டுப் போறானே, அதைத் தடுக்க வேண்டாமா சார்?”

“தடுத்திருந்தா உன் வீட்டுக்காரர் வந்திருப்பாராம்மா?”

கூட்டம் கை தட்டியது. ஆள் உயிரோடு வந்த சந்தோஷத்தில் நாங்களும் தட்டினோம்.

இப்போது எங்கள் துறைமுகத்தில் படகுக்குப் படகு பக்கத்து நாட்டுக் கொடி பறக்கிறது, மேலேயிருந்து பார்ப்பவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். நாத்தனார் வீட்டுப் படகுக்கு நான்தான் தைத்துக் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதே மாதிரி கேட்கிறார்கள். நம் நாட்டுக் கொடியை விட இது தைக்கச் சுலபம்.